சொல்லறிந்தும் நாவெழாதார்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருங்குகூடி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், இம்மலரின் பக்கங்களிற் பெரும்பாலானவை நாவன்மையாற் பேர்பெற்றோரைப் போற்றுவனவாய் அமையும் என்பதை நாம் அறிவோம். அது முறையே. சைவ வித்தியாசாலைகளின் மரபு பிரசங்க மரபு. நல்லூர் ஆறுமுகநாவலரின் பட்டப் பெயரே நாவைக் கொண்டு அமைந்தது. எம் மண்டபத்து மேடையிலே பேச்சுப் போட்டிக்காக நின்று முழங்கால் நடுங்கிய சிறுவர் பலர் பிற்காலத்திற் சட்டத்தரணிகளாயும் அதிபர்களாயும் தொழிற்சங்கத் தலைவர்களாயும் விளங்கினர். அவர்கள் வென்ற கிண்ணங்கள் கண்ணாடி அலுமாரியில் இன்றும் துலங்குகின்றன. ஆயின், அவ்வலுமாரிக்கு எதிரேயுள்ள வகுப்பறைகளில், பின்வாங்கில் இருந்து, ஆண்டு முழுவதும் ஒரு சொல்லும் சொல்லாது சென்ற மாணாக்கர் சிலரும் இருந்தனர். அவர்களைப் பற்றி எந்த மலரும் எழுதுவதில்லை. எழுத வேண்டுமென்று எமக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

தெமோதரைப் புகையிரத நிலையத்திற்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் அவன் வாழ்கின்றான். வயது ஆறு, பெயர் வேண்டா. தாய் கொழுந்து பறிப்பவள். தந்தைக்குக் கொழும்பிலே கடை வேலை. பிள்ளையை வளர்ப்பவள் அப்பாயி. அவனுக்குக் கோச்சியில் அடங்காத ஆசை. எல்லவிலிருந்து வரும் கோச்சி தெமோதரை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து பதுளைக்குச் செல்லும் அதிசயத்தை நாள்தோறும் பார்ப்பவன். 1924 ஆம் ஆண்டிலே பதுளை வரை பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு எத்தனையோ பிள்ளைகளை மயக்கிய வளைவு அது. எந்தக் கோச்சி எப்போது வரும், எது பிந்தும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வளைவையும் சுரங்கத்தையும் மண்ணிலே குச்சியாற் கீறிக் காட்டுவான். ஆயின், ‘கோச்சி’ என்று சொல்ல முயன்றால் ஒருமுறை ‘தோத்தி’ என்பான், மறுமுறை ‘கோத்தி’, மூன்றாம் முறை ‘ஓச்சி’. நான்காம் முறை உதடு குவியும், நாக்குத் தடுமாறும், ஒலியே எழாது நின்றுவிடும். பின்பு கையை வீசிவிட்டு ஓடிவிடுவான்.

“எல்லாம் வெளங்கும் மாஸ்டர். சொல்றதெல்லாம் செய்வான். வாயிலதான் வரமாட்டேங்குது” என்றாள் தாய்.

அந்நோயின் இலக்கணம் முழுவதும் இச்சிறு கூற்றில் அடங்கியிருந்தது என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அன்று நாம் கூறிய மறுமொழி, “கொஞ்சம் பொறும்மா, ஆம்பளப் பிள்ளைங்க சொணங்கித்தான் பேசும்” என்பதே. நெடுங்காலம் ஆசிரியத் தொழில் செய்த ஒருவர் கூறத்தக்க மறுமொழியா இது என்று இன்று வெட்கமுறுகின்றோம். எம் பழைய வகுப்புகளில் ‘மக்கு’ என்றும் ‘ஊமை’ என்றும் நாம் முத்திரை குத்திய முகங்கள் சில அதன்பின் எம் நினைவில் எழுந்தன. அவர்களுள் எத்தனை பேர் இவனைப் போன்றோரோ!

இந்நோயை ஆங்கில வைத்தியர் ‘அப்பிராக்சியா’ என்பர். கிரேக்க மொழியிலே செயலின்மை என்பது அதன் சொற்பொருள். சொல்ல வேண்டிய சொல் மனத்தில் உண்டு. அதனைச் சொல்லும் உறுப்புகளிலும் வலுவின்மை இல்லை. ஆயின் எவ்வுறுப்பு, எப்போது, எவ்வளவு அசைய வேண்டும் என்று மூளை வகுக்கும் ஒழுங்கு மட்டும் பிழைத்துவிடுகின்றது. தெமோதரையாருக்குப் புரியும்படி கூறின், எஞ்சினுக்குக் குறையில்லை, தண்டவாளமும் பழுதில்லை, வண்டியை எந்தப் பாதையிலே திருப்புவது என்ற கட்டளைதான் உரிய வேளையில் உரிய இடத்துக்குச் சென்று சேரவில்லை.

பேசுதல் எத்துணை நுட்பமான தொழில் என்பது எம் முன்னோர் அறியாத ஒன்றன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகப் பிறப்பியலை வைத்து, உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறத்தலை விரித்தார். அவ்வியலை மனனஞ் செய்து பரீட்சைக்கு ஒப்புவித்த நாம், அத்தொழில் ஒரு பிள்ளையிடத்தே தவறும்போது அதனை அடையாளங் காணவில்லை. படித்தது எங்கே போயிற்று?

இனி, இந்நோயைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிதல் முதற் கடன். காது கேளாமையாற் பேச்சு வராதிருக்கலாம். ஆதலின் எப்பிள்ளைக்கும் முதலிற் செவிச் சோதனை செய்தல் வேண்டும். நரம்பிலும் தசையிலும் வலுக் குறைந்து பேச்சுக் குழறலாம். அவ்விடத்துப் பிழை பெரும்பாலும் ஒரே தன்மையதாய் இருக்கும். அறிவு வளர்ச்சி பிந்துதலாலும், பிறரோடு பழகும் தன்மை வேறுபடுதலாலும் பேச்சுச் சுணங்கலாம். சில பிள்ளைகள் வெறுமனே பிந்திப் பேசித் தாமாகவே தேறுவதும் உண்டு. அப்பிராக்சியா இவற்றின் வேறு. இவற்றோடு கூடியும் வரலாம். பேச்சிலே சற்றுத் தவறினாற் போதும், உடனே இப்பெயரைச் சூட்டிவிடுதலும் தவறு. ஆயிரம் பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவருக்கே இது உண்டென்பது அறிஞர் மதிப்பு. மூன்று வயதுக்கு முன் திட்டமாகக் கூறுதல் அரிது.

அமெரிக்க நாட்டுப் பேச்சு, மொழி, செவிச் சங்கத்தார் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலே மூன்று அடையாளங்களை முதன்மையாகக் கூறினர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பிழை ஒவ்வொரு முறையும் மாறுதல் ஒன்று. ஓரொலியிலிருந்து அடுத்த ஒலிக்குச் செல்லும் வழி நீண்டும் முறிந்தும் போதல் மற்றொன்று. சொல்லின் இசையும் அழுத்தமும் இயல்பு கெட்டு, அசை அசையாக வெட்டிப் பேசுவதுபோல் அமைதல் மூன்றாவது. எம் சிறுவனின் ‘கோச்சி’ முதலாவதற்கு நல்ல சான்று. சொல் நீளநீளத் துன்பம் மிகும் என்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘வா’ என்பது வரும். ‘வந்தான்’ என்பது தடுமாறும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதை முயலவே மாட்டான். விகுதியும் இடைநிலையும் சாரியையும் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து சொல் நீளும் எம்மொழி, இத்தகைய பிள்ளைக்கு ஏறுதற்கரிய படிக்கட்டாகின்றது.

இங்கே ஒரு கருத்தை எம் துணிபாகக் கூறுவோம். மேற்கூறிய மூன்றனுள் இறுதியானது ஆங்கிலப் பேச்சை நோக்கி நன்கு பொருந்துவது. ஆங்கிலத்திலே சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பது பொருளையே மாற்றக் கூடும். தமிழில் அழுத்தத்துக்கு அத்துணை வேலையில்லை. தமிழிற் பொருளை மாற்றுவன குறில் நெடிலும் இரட்டித்தலுமாம். பல்லும் பாலும், கொடுவும் கோடும், எடுவும் எட்டும் மாத்திரையாலும் இரட்டிப்பாலும் வேறாகும் சொற்கள். எனவே தமிழ்ப் பிள்ளையைச் சோதிப்பவர் நோக்க வேண்டிய இடங்களுட் சில வேறு. ஆங்கிலத்தில் ஆக்கிய சோதனையை மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் அது தமிழ்ச் சோதனையாகாது. நகரமும் ணகரமும் னகரமும், லகரமும் ளகரமும் ழகரமும் ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் எவ்வாறு இருத்தல் வேண்டும், மலைநாட்டுத் தோட்டப் பேச்சிலே எவை வழக்கு, எவை பிழை என்பவற்றை அறிந்தவரே தீர்ப்புச் சொல்ல வல்லார். தோட்டத்திலே ‘பழம்’ ‘பளம்’ ஆதல் நோயன்று, வழக்கு. அறியாதவர் அதனையும் நோய்க் கணக்கிற் சேர்த்துவிடுவார்.

நிற்க, இந்நோயின் வரலாற்றையும் சிறிது கூறுதல் தகும். 1861 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சத்திர வைத்தியர் போல் புரோக்கா, ‘தான்’ என்னும் ஓரசையையன்றி வேறொன்றும் பெரும்பாலும் சொல்லமாட்டாத நோயாளியொருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியிலே பழுதிருத்தலைக் கண்டார். 1900 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே ஹியூகோ லீப்மன், கைகளிலே வலுவிருந்தும் ஏவியபடி அவற்றை இயக்கமாட்டாத ஒருவரைப் பற்றி எழுதி, ‘அப்பிராக்சியா’ என்ற கருத்தை வைத்தியருக்குத் தெளிவாக்கினார். அதனைப் பேச்சுக்கு ஏற்றி, சொல் மறத்தலினின்றும் தசை தளர்தலினின்றும் இதனைப் பிரித்துக் காட்டியவர், 1960களில் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையிற் பணிபுரிந்த பிரெடரிக் டார்லி. பிள்ளைகளிடத்தே இதுபோன்ற நிலையுண்டென்பதை 1950களிலேயே இங்கிலாந்து நியூகாசில் நகரத்து மியூரியல் மோர்லி எழுதினார். 2001 ஆம் ஆண்டிலே, மூன்று தலைமுறையாக ஏறத்தாழ அரைவாசிப் பேர் இக்குறையோடு பிறந்த இலண்டன் குடும்பமொன்றை ஆராய்ந்தோர், ‘பொக்ஸ்பி 2’ என்னும் மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணமெனக் கண்டனர். எல்லாப் பிள்ளைகளிடத்தும் அதே மாற்றம் இல்லை. வேறு மரபணுக்களும் பின்னர் அறியப்பட்டன. பலரிடத்துக் காரணம் புலப்படுவதேயில்லை. ஆயினும் ஒன்று உறுதி: கிரகண காலத்திலே தாய் வெளியே நடந்ததனாலோ, பிள்ளைக்கு உரிய வயதிற் பேச்சுக் கொடுக்காததனாலோ இது வருவதன்று. லயத்து மாமியார் பலர் மருமகள்மேற் சுமத்தும் பழி இதனால் நீங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிறவியில் வரும் இது, வளர்ந்தோருக்கு வருவது பெரும்பாலும் பாரிசவாதத்தால். எமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் ஒருநாட் காலை வலக்கை சோர்ந்து வீழ்ந்தார். கை ஓரளவு திரும்பியது, பேச்சுத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை பூசையிற் பிறர் தேவாரம் பாடும்போது அவரும் சேர்ந்து தடையின்றிப் பாடுவார். ஒன்று முதற் பத்து வரை எண்ணுவார். எரிச்சல் மூண்டால் ஏச்சுச் சொல் தெளிவாக வரும். ஆனால் மனைவியிடம் தண்ணீர் கேட்க வாய் திறந்தால் நாக்கு எங்கெங்கோ தேடி அலையும். “தேவாரம் பாடுறவருக்குத் தண்ணி கேக்கத் தெரியாதா, வேணுமின்னு செய்றாரு” என்று வீட்டார் எண்ணினர். வேண்டுமென்று செய்வதில்லை. பழக்கத்தால் தானே ஓடும் பேச்சுக்கும், அவ்வேளையிலே நினைந்து அமைக்கும் பேச்சுக்கும் மூளையில் வழி ஒன்றன்று. பின்னது பழுதாயினும் முன்னது எஞ்சக் கூடும். இவ்வுண்மையை வீட்டாருக்கு விளக்கிய நாளிலிருந்து அவ்வீட்டிற் சண்டை பாதியாய்க் குறைந்ததென்று சொன்னால் மிகையாகாது. அவருக்கு அப்பிராக்சியாவோடு சொல் மறதியும் கலந்திருந்தது. பாரிசவாதத்தில் இவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். பாரிசவாதமே இல்லாமல், முதுமையிற் பேச்சு மாத்திரம் மெல்ல மெல்லத் தடுமாறிக்கொண்டு போகும் வகையும் உண்டு; அதனை வயதின் இயல்பென்று விட்டுவிடாது நரம்பு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எம் மக்கள் இதற்குச் செய்யும் பரிகாரங்களை எள்ளி நகையாட நாம் ஒருப்படோம். அப்பாயி வசம்பைச் சுட்டுத் தேனிற் குழைத்து நாக்கிலே தடவினாள். நாக்கின் அடிச் சவ்வை வெட்டிவிட்டாற் பேச்சு வருமென்று ஒருவர் சொன்னார். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தனர். எம் ஊவா மாகாணத்திலேயே கோயில்கொண்ட முருகனிடம், வாயைத் துணியாற் கட்டி மௌனமாய்ப் பூசை நடக்கும் அச்சந்நிதியிற் சென்று, பிள்ளைக்குப் பேச்சு வேண்டி நிற்கும் தாயின் உள்ளத்தை யாரே குறைகூற வல்லார்? நேர்த்தியை நிறைவேற்றுக. ஆயின் வசம்பு நாவின் வழியே மூளைக்கு வழிகாட்டாது. அளவு மிஞ்சினாற் பச்சைப் பிள்ளைக்குத் தீங்கும் செய்யும். சவ்வை வெட்டுதல் இந்நோய்க்கு மருந்தன்று. குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரிலே முருகன் அருளாற் பாடத் தொடங்கினார் என்ற வரலாறு எமக்கெல்லாம் மனப்பாடம். அதனைக் கூறியே ஐந்து வயது வரை காத்திருப்போர் எத்தனை பேர்! அக்காத்திருப்பிலே போகும் இரண்டாண்டு, பயிற்சிக்கு மிக உகந்த இரண்டாண்டு.

பயிற்சி என்றோம். இந்நோய்க்கு மாத்திரை இல்லை. சத்திர சிகிச்சையும் இல்லை. உள்ளது பயிற்சி ஒன்றே. அது எவ்வாறு நிகழ்வதென்று பலருக்குத் தெரியாது. பலூன் ஊதுதல், விசில் அடித்தல், நாக்கை நீட்டி மடக்குதல் முதலியன பேச்சைத் தருவதாகச் சான்றில்லை. பேச்சைப் பேசியே பயில வேண்டும். நீந்தக் கற்பவன் கரையிலே கைவீசிக்கொண்டிருந்தாற் பயனில்லை. சிகிச்சையாளர் பிள்ளையின் எதிரே முகம் தெரிய அமர்ந்து, “என்னைப் பார், நான் சொல்வதைக் கேள், என்னோடு சேர்ந்து சொல்” என்று தொடங்குவர். முதலில் இருவரும் ஒருமித்து மெதுவாகச் சொல்வர்; பின்பு சிகிச்சையாளர் ஒலியின்றி வாயை மட்டும் அசைப்பர்; அதன்பின் பிள்ளை தனியே சொல்லும்; கடைசியில் வினாவுக்கு விடையாகச் சொல்லும். தடுமாறினால் ஒரு படி கீழிறங்குவர். தெரிந்தெடுக்கும் சொற்கள் சில. அவையும் அப்பிள்ளைக்கு வேண்டிய சொற்களாயிருத்தல் வேண்டும். ‘அம்மா’, ‘தா’, ‘வேணாம்’, ‘கோச்சி’. ஒரே அமர்விலே அவற்றை நூறு முறைக்கு மேலும் சொல்லச் செய்வர். கிழமைக்கு ஒருமுறை நெடுநேரம் செய்வதினும், கிழமையிற் பலமுறை சிறிது நேரம் செய்வது நன்று. மூன்று முதல் ஐந்து முறை என்பது மேற்கூறிய அமெரிக்கச் சங்கத்தார் கொள்கை. வளர்ந்தோருக்கும் முறை ஏறத்தாழ இதுவே. 1973 ஆம் ஆண்டிலே ரோசன்பெக் என்பாரும் அவர் தோழரும் வகுத்த எட்டுப் படிகள் இன்றும் வழங்குகின்றன. கையாலே தாளந் தட்டி, சொல்லை இழுத்து இசைபோற் சொல்லும் முறையும் அவ்வாண்டில் வெளிவந்தது. தேவாரம் பாடும் கணக்கப்பிள்ளைக்கு அது ஏற்றதென்பதை யாரும் ஊகிக்கலாம்.

இவற்றின் பயன் எத்துணை நிச்சயம்? உள்ளதைச் சொல்வோம். பிள்ளைகளுக்கான சிகிச்சைகளை 2018 ஆம் ஆண்டிலே கொக்ரேன் அமைப்பினர் ஆராய்ந்தபோது, பிள்ளைகளைச் சீட்டுப்போட்டதுபோற் பிரித்துச் செவ்வையாக நடத்திய சோதனை ஒன்றையே கண்டனர். சிட்னியிலே 26 பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக, கிழமைக்கு நான்கு நாள், மூன்று கிழமை நடந்த சோதனை அது. இருவேறு முறைகளை ஒப்பிட்டனர். இரண்டாலும் பிள்ளைகள் முன்னேறினர். அதே சிட்னி நகரத்தார் பின்னர்க் காணொலி வழியே தொலைவிலிருந்து சிகிச்சை செய்து பார்த்தனர். சிறுதொகைப் பிள்ளைகளேயாயினும் பயன் விளைந்தது. சிகிச்சையாளர் பாதி, பெற்றோர் பாதி எனப் பகிர்ந்து செய்தபோதோ பயன் அத்துணை உறுதியாக அமையவில்லை. இவ்விரண்டு முடிபும் தெமோதரைக்கு மிக வேண்டியன. தூரம் வெல்லற்பாலது, பயிற்றப்பட்ட சிகிச்சையாளர் இல்லாமை வெல்லற்கரிது.

எம் சிறுவனின் கதைக்கு வருவோம். கிளினிக்கிலே எழுதிய கடிதத்தோடு தாயும் மகனும் அரசாங்க வைத்தியசாலையொன்றிற்குச் சென்றனர். ஒருநாட் பெரட்டு போயிற்று; பஸ் காசும் போயிற்று. அங்கிருந்த சிகிச்சையாளர் இளம் பெண், பொறுமையுள்ளவர், செவ்வையாகச் சோதித்து நோயை அடையாளங் கண்டவர் அவரே. ஆயின் அவருக்குத் தமிழ் வராது. தாய்க்குத் தெரிந்தது கடைச் சிங்களம். சிகிச்சையாளர் கையிலிருந்த படங்களும் சொற்களும் சிங்களம். மூன்று மாதம் சென்றபின் சிறுவன் வீட்டுக்கு வந்து, மிகுந்த முயற்சியோடு, ‘வத்துற’ என்றான். சிங்களத்திலே தண்ணீருக்குப் பெயர். அப்பாயிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தன் வாழ்விலே அவன் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன மூவசைச் சொல், வீட்டிலே ஒருவரும் வழங்காத சொல்.

யாரையும் நாம் குறைகூறவில்லை. அப்பெண் தனக்குத் தெரிந்ததைத் தன்னால் இயன்ற மட்டும் செய்தார். ‘வத்துற’ வந்ததே அம்முறை பயனுடையதென்பதற்குச் சான்று. அதே உழைப்பு ‘தண்ணி’ என்ற சொல்லிற் செலவாகியிருந்தால் அன்று மாலையே அவன் அப்பாயியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருப்பான், மறுநாளும் கேட்டிருப்பான், நாள்தோறும் பத்து முறை, தானே தெரியாமற் பயிற்சி நடந்திருக்கும். பிற நோய்க்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் எம்மொழி பேசினாலென், பேசாவிட்டாலென், மருந்து வேலை செய்யும். இந்நோய்க்கு மொழியே மருந்து. மருத்துவ சேவையிலே தமிழுக்கு இடம் வேண்டுமென்று கேட்பது உரிமைப் பேச்சென்று சிலர் ஒதுக்குவர். இங்கே அது உரிமையும் ஆம்; அதற்கு மேலாகச் சிகிச்சையின் முறையே அதுவாம்.

இலங்கையிலே இக்கல்வியைத் தரும் இடமாகக் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் றாகமையிலே அமைந்துள்ளது. 1990களின் பிற்பகுதியிற் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான டிப்ளோமாவாகத் தொடங்கி, பின்னர்ப் பேச்சு, செவி விஞ்ஞானத்துக்கான நான்காண்டுச் சிறப்புப் பட்டமாக அது வளர்ந்தது. வலுக்குறைந்த பிள்ளைகளுக்கென ‘அயதி’ நிலையமும் றாகமையிலேயே உண்டு. இந்தியாவிலே மைசூரில் 1965 ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்தியப் பேச்சுச் செவி நிறுவகம் இத்துறையிற் பேர்பெற்றது. இத்துணை இருந்தும், எம் நாட்டிலே தமிழிற் பேசிச் சிகிச்சை செய்ய வல்லார் தொகை மிகச் சிறிது. மலைநாட்டுத் தோட்டத்திலே பிறந்து, அங்குள்ள பேச்சையே தம் பேச்சாகக் கொண்டவர் அவருள்ளும் அரியர். காரணம் வெளிப்படை. உயிரியல் படிக்கும் எம் மாணாக்கரைக் கேட்டால் வைத்தியர் என்பர். அது கிட்டாவிடின் தாதி, ஆசிரியர் என்பர். பேச்சுச் சிகிச்சையென ஒரு தொழிலுண்டு என்பதே அவர்கள் செவியிற் படுவதில்லை. நாமும் சொன்னதில்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் இது. இவ்விழாவின் நினைவாக வளைவொன்று கட்டுவதெனப் பேச்சு நிகழ்வதை அறிவோம். வளைவு அழகுடையதுதான். ஆயினும் அந்நிதியிலிருந்து, றாகமையிலே இப்பட்டத்துக்குத் தெரிவாகும் எம் மாணாக்கர் ஒருவருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நான்காண்டுக்கும் தங்குமிடச் செலவும் புத்தகச் செலவும் கொடுக்கும்படி வேண்டுகின்றோம். உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு இத்தொழில் இன்னதென்று விளக்க ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தல் வேண்டும். தொலைபேசியிற் காணொலி வழியே தமிழ்ச் சிகிச்சையாளரோடு பேசத்தக்க அறையொன்றைக் கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் அமைத்தல் இயலாததன்று. சுற்றுத் தோட்டங்களிலே லயத்துக் காம்பராக்களிற் கைத்தொலைபேசி உண்டு. தொடர்பும் அமைதியான இடமும் கிடைப்பதே அரிது.

ஆசிரியர்களாகிய எம் தோழர்க்கும் ஒன்று கூறவேண்டும். இத்தகைய பிள்ளையை எழுப்பி நிறுத்தி, “சொல்லு, இன்னொருமுறை சொல்லு” என்று எல்லார் முன்னும் வற்புறுத்தல் வேண்டா. அச்சம் நாவை இன்னும் கட்டும். எழுதியும் சுட்டிக் காட்டியும் விடை தர இடங்கொடுங்கள். படம் ஒட்டிய அட்டையொன்றைப் பிள்ளை கையிலே கொடுத்தாற் சோம்பிப் பேச்சை விட்டுவிடுவான் என்று பலர் அஞ்சுவர். ஆராய்ந்தோர் அவ்வாறு காணவில்லை. கேட்டது கிடைக்கும் என்றறிந்த பிள்ளை மேலும் முயலவே செய்கின்றான். எழுத்துக் கூட்டி வாசித்தலும் இவர்களுக்குக் கடினமாகலாம். அதற்கு முதலாம் தரத்திலேயே தனிக் கவனம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே பணிபுரிவோரும் குடும்ப நல மருத்துவிச்சியும் இவ்வடையாளங்களை அறிந்திருந்தால், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலே பேச்சுக்கான இடத்தை நிரப்பும் வேளையிலேயே அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவர்.

நாம் உதவிய மாணாக்கர் பட்டம் பெற்றபின் பதுளைக்கே வருவாரென்பதற்கு உறுதி என்னவென்று பொருளாளர் கேட்கக் கூடும். நியமனம் சுகாதார அமைச்சின் கையிலுள்ளது. கைச்சாத்து வாங்கிக் கட்டிவைக்கும் எண்ணமும் எமக்கில்லை. எங்கே நியமனம் பெற்றாலும் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே இருப்பர். காணொலி வழியே தெமோதரைக்கும் அவர் எட்டுவார். இவ்விண்ணப்பத்தைப் பொதுக்கூட்டத்திலே பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். வழிமொழிய விரும்புவோர் முன்கூட்டியே செயலாளருக்கு அறிவித்தல் நன்று.

சிறுவன் இப்போது வெளியூர்த் தமிழ்ச் சிகிச்சையாளர் ஒருவரோடு, தாயின் தொலைபேசியிலே, கிழமைக்கு இருமுறை பயில்கின்றான். ‘கோச்சி’ மூன்றில் இருமுறை சரியாக வருகின்றது. ‘பதுளைக் கோச்சி’ இன்னும் வரவில்லை.